வீட்டில் 50 பேருக்கு விருந்து: திருகோணமலை வீடுகளுக்கான அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறந்தநாள், குடிபூரல், சாமத்தியம், வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தங்களுக்கு ஒரு சாப்பாடு என்று எந்த விருந்தானாலும் வீட்டுக்கு ஏறும் சுமை ஒன்றுதான். கீழே உள்ள கணக்குகள் மாலை 4 மணி முதல் இரவு 9 மணிவரை 50 பேர் வந்துபோகிற, ஒரு மலசலகூடமும் ஒரு குசினியும் உள்ள வீட்டுக்கானவை. ஆட்கள் கூடினால் அதே விகிதத்தில் கூட்டிக்கொள்ளுங்கள்.

வேலையை எத்தனை நாளைக்கு முன் தொடங்க வேண்டும்? முதலில் எதைப் பார்ப்பது?

பத்து நாளைக்கு முன். முதல் வேலை தண்ணீர், இரண்டாவது மலசலகூடம், மூன்றாவது குப்பை போகும் வழி. அலங்காரமும் திரைச்சீலையும் கடைசி. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பலூன் கட்டி முடிந்த பிறகுதான் சிஸ்டன் ஒழுகுவது கண்ணில் படும், அன்றைக்குக் குழாய் வேலைக்கு ஆள் பிடிக்க முடியாது. பத்து நாள் என்பது திருத்த வேலைக்கான அவகாசம். கூட்டித் துடைப்பதற்கு இரண்டு நாள் போதும்.

50 பேருக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகும்?

பழைய சிஸ்டன் ஒருதரம் இழுக்க 9 லீட்டர் விடும். ஐந்து மணித்தியாலத்தில் 40 தடவை என்று வைத்தால் 360 லீட்டர். சாப்பிட முன்னும் பின்னும் கைகழுவ ஆளுக்கு 3 லீட்டர், அது 150. சமையலுக்கும் பாத்திரத்துக்கும் 300. குடிக்க ஆளுக்கு ஒரு லீட்டர், 50. எல்லாம் சேர்த்து 860 லீட்டர்.

1,000 லீட்டர் டாங்கி நிரம்பியிருந்தால் சமாளிக்கலாம். 500 லீட்டர் டாங்கி இரவு ஏழரை மணியளவில், எல்லாரும் கைகழுவ எழும்பும் நேரம் பார்த்து வற்றும். சின்ன டாங்கி உள்ளவர்கள் குளியலறைக்குள் ஒரு 200 லீட்டர் பீப்பாவை நிரப்பி வாளியும் பேணியும் வைத்துவிட வேண்டும். கரண்ட் போனால் மோட்டரும் போகும், அப்போதும் அந்தப் பீப்பாதான் கைகொடுக்கும்.

டாங்கியை முதல்நாள் இரவே நிரப்புங்கள். விருந்து நடக்கும்போது மோட்டரைப் போட்டால் விழுகிற தண்ணீர் அடிச்சேற்றைக் கலக்கிவிடும், பைப்பில் மங்கலாக வரும். அடிச்சேறு கழுவி ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது என்றால் அந்தப் பத்து நாள் அவகாசத்தில் அதையும் முடித்துவிடுங்கள்.

எங்கள் கிணறு கொஞ்சம் உவர். அதை எதற்குப் பாவிக்கலாம்?

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரமாக இருக்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. மலசலகூடத்துக்கும் முற்றம் கழுவவும் தாராளமாகப் பாவிக்கலாம். பாத்திரத்தைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவினாலும் கடைசி அலசல் குழாய்த் தண்ணீரில் இருக்கட்டும். இல்லாவிட்டால் கிளாஸ் காயும்போது வெள்ளைக் கோடு விழும், கழுவாத கிளாஸ் என்று வந்தவர்கள் நினைப்பார்கள். பருப்புக்கும் தேத்தண்ணிக்கும் வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புச் சத்துக் கூடிய தண்ணீரில் பருப்பு எவ்வளவு நேரம் அவிந்தாலும் மசியாது.

மலசலகூடக் குழி நிரம்பியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு வாளி தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் மேலேறி நின்று மெதுவாக இறங்கினாலோ, குளியலறை வடிகாலில் குளுக் குளுக் என்று சத்தம் கேட்டாலோ குழி நிரம்பப் போகிறது அல்லது குழாயில் அடைப்பு இருக்கிறது. உள்ளூராட்சி சபையிடம் பவுசருக்குச் சொல்லி வைத்து ஒரு வாரத்துக்கு முன்பே எடுப்பித்துவிடுங்கள். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை நிலத்தடி நீர் மேலே நிற்கும். அந்தக் காலத்தில் குழி எடுத்தாலும் ஊறி நிரம்பும், ஆகவே மழைக்காலத்து விருந்துக்கு வந்தவர்கள் பாவிக்கும் தண்ணீரை மட்டுப்படுத்தப் பாருங்கள். சிஸ்டனுக்குள் தண்ணீர் நிரப்பிய ஒரு லீட்டர் போத்தலை வைத்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு லீட்டர் மிஞ்சும்.

குளியலறைக் கறைக்கு இரண்டு மருந்தையும் சேர்த்துப் போட்டால் நன்றாகப் போகுமா?

ஒருபோதும் சேர்க்காதீர்கள். ஹாபிக் போன்ற கழிப்பறைத் திரவங்களில் அமிலம் இருக்கிறது. குளோரின் சேர்ந்த வெளுக்கும் திரவம் அதோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய சின்ன அறையில் அது நெஞ்சை அடைத்து ஆளை விழுத்தக்கூடியது. ஒன்றைப் பாவித்து, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மற்றதை அடுத்த நாள் பாவியுங்கள். தண்ணீரால் படிந்த வெள்ளைக் கறைக்கு வினாகிரியே போதும். துணியை நனைத்துக் குழாயில் சுற்றி 20 நிமிடம் விட்டுத் தேயுங்கள். சீமெந்துத் தரையிலும் மாபிளிலும் அமிலம் எதுவும் படக்கூடாது, அரித்துச் சொரசொரப்பாக்கிவிடும்.

வீட்டைக் கூட்டித் துடைக்க ஒரு ஒழுங்கு உண்டா?

மேலிருந்து கீழே, உள்ளிருந்து வாசலுக்கு. ஒட்டறை, மின்விசிறி, யன்னல், தளபாடம், கடைசியில் தரை. தரையைத் துடைத்துவிட்டு மின்விசிறியில் கைவைத்தால் செய்த வேலை முழுக்கத் திரும்பச் செய்ய வேண்டும்.

மின்விசிறிக்குப் பழைய தலையணை உறையே நல்ல ஆயுதம். தகட்டை உறைக்குள் நுழைத்து, இரு கையாலும் மேலும் கீழும் அழுத்திப் பிடித்து, நடுவிலிருந்து நுனிவரை இழுங்கள். தூசு உறைக்குள்ளேயே விழும். கடலோர வீடுகளில் அந்தத் தூசு உப்பு ஈரத்தோடு பிசின்போல் ஒட்டியிருக்கும். அப்படியானால் உறையைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துவிட்டு இழுக்க வேண்டும். யன்னல் கண்ணாடியில் படிவதும் உப்புத்தான். காய்ந்த துணியால் தேய்த்தால் கீறும், வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் முதலில் உப்பைக் கரைத்து எடுத்துவிட்டுப் பிறகு உலர்த்துங்கள்.

வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் வீசும் மாதங்களில் தூசு தட்டுவதை முதல்நாள் செய்து பயனில்லை. மேற்குப் பக்க யன்னல்களைப் பூட்டி, விருந்தன்று பகல் 2 மணிக்குப் பிறகு ஒருதரம் துடையுங்கள்.

சிவப்புச் சீமெந்துத் தரைக்குப் பொலிஷ் போடுவதென்றால் மூன்று நாளைக்கு முன் போடுங்கள். முதல்நாள் போட்ட பொலிஷில் ஈரக்கால் பட்டால் வழுக்கும், வயதானவர்கள் விழுவது அங்கேதான். ரைல்ஸ் துடைக்கும்போது அரை வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி திரவம் போதும். கூடினால் காய்ந்த பிறகு கால் ஒட்டும், ஒட்டிய இடத்தில் அழுக்குப் பிடிக்கும்.

முற்றத்தில் படங்கு கட்டினால் காற்றுக்கு நிற்குமா? எங்கள் காணி முழுக்க மணல்.

மணலில் முளை அடித்தால் நிற்காது. ஒரு காற்று வந்தால் கயிறும் முளையும் சேர்ந்து கிளம்பும். 20 லீட்டர் கானில் மணலை நிரப்பினால் ஒரு கான் கிட்டத்தட்ட 30 கிலோ வரும். ஒவ்வொரு மூலைக்கும் ஒரு கானை முழங்கால் ஆழத்தில் புதைத்து, அதில் கயிற்றைக் கட்டுங்கள். படங்கை மட்டமாகக் கட்டாமல் ஒரு பக்கத்தை ஒரு முழமாவது தாழ்த்துங்கள். மட்டமாக இருந்தால் மழைத் தண்ணீர் நடுவில் தேங்கி, வயிறு தள்ளி, சாப்பிடுகிறவர் தலையில் கொட்டும்.

வெளியே விறகு அடுப்பு வைப்பவர்கள் கச்சான் காலத்தில் வீட்டுக்குக் கிழக்குப் பக்கமாகவும், வாடைக்காற்றுக் காலத்தில் தென்மேற்காகவும் வையுங்கள். மாறி வைத்தால் புகை முழுதும் விறாந்தைக்குள் வரும்.

கதிரை 50 தேவையில்லை, 40 போதும். எல்லாரும் ஒரே நேரத்தில் இருப்பதில்லை, பிள்ளைகள் இருப்பதே இல்லை.

கரண்ட் அடிக்கடி ட்ரிப் ஆகிறது. என்ன காரணம்?

ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் கேத்திலும் சோறு சமைக்கும் குக்கரும் போடுவது. 13 அம்பியர் பிளக் 230 வோல்ட்டில் தாங்குவது சுமார் 3,000 வாட்ஸ். கேத்தில் 2,000, பெரிய குக்கர் 1,800, இரண்டும் சேர்ந்தால் எல்லை தாண்டிவிட்டது. இரண்டையும் வேறு வேறு சுவர்ப் பிளக்கில் போடுங்கள். சுருள் வயரை முழுதாக அவிழ்த்துவிட்டுப் பாவிக்க வேண்டும், சுற்றியபடி விட்டால் உள்ளே சூடேறி உருகும்.

மழைத்தூறலில் ட்ரிப் ஆனால் வெளியே கட்டிய அலங்கார லைட்டை முதலில் கழற்றிப் பாருங்கள், அநேகமாக அதுதான். வயர் பொருத்தும் இடங்களைத் தரையில் கிடக்க விடாமல் ஆணியில் தொங்கவிடுங்கள். ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை ஒரு வாரத்துக்கு முன் அமத்திப் பாருங்கள். அமத்தியும் விழாத சுவிட்சை வைத்துக்கொண்டு விருந்து நடத்துவது ஆபத்து, மின்வேலைக்காரரைக் கூப்பிடுங்கள்.

பாட்டுப் போடலாமா?

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் கிடைக்கும் என்று நினைத்துத் திட்டமிட வேண்டாம். சாதாரண தர, உயர்தரப் பரீட்சை நடக்கும் நாட்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை நினைத்து, வீட்டுக்குள் கேட்கும் அளவோடு நிறுத்துங்கள்.

சாப்பாடு எவ்வளவு? சைவம், அசைவம், ஹலால் எல்லாம் எப்படி ஒழுங்குபடுத்துவது?

ஒரு கிலோ அரிசி எட்டு ஒன்பது பேருக்குக் காணும், 50 பேருக்கு 6 கிலோ. எலும்போடு கோழி 9 கிலோ. ரோல்ஸ், பட்டிஸ், வடை எல்லாம் சேர்த்து ஆளுக்கு மூன்று.

எங்கள் ஊரில் ஒரு விருந்துக்குத் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று பகுதியாரும் வருவது வழமை. இறைச்சியை ஹலால் கடையில் வாங்கினால் எல்லாரும் சாப்பிடலாம், இரண்டு சமையல் தேவையில்லை. ஆனால் சைவத்துக்குத் தனிச் சட்டி, தனி அகப்பை, தனி மேசை கட்டாயம். ஒரே மேசையின் இரண்டு அந்தத்தில் வைத்தால் அரை மணித்தியாலத்தில் கோழிக்கறி அகப்பை கத்தரிக்காய்க்குள் கிடக்கும். மாட்டிறைச்சியைத் தவிர்ப்பது நல்லது. வெள்ளிக்கிழமையானால் விரதகாரர் கூடுவார்கள், சைவத்தைப் பாதிக்கு மேல் வையுங்கள். மஃரிப் தொழுகை நேரம் சூரியன் மறைந்ததும், ஆறு மணியளவில் வந்துவிடும். ஒரு அறையைக் கூட்டி, சுத்தமான பாய் விரித்து விட்டால் கேட்டுக்கொண்டு நிற்கத் தேவையில்லாமல் போய்த் தொழுவார்கள்.

சமைத்ததை எவ்வளவு நேரம் மேசையில் வைக்கலாம்?

இரண்டு மணித்தியாலம். வெக்கை 32 பாகைக்கு மேல் என்றால் ஒரு மணித்தியாலம்தான். எங்கள் ஊரில் ஆனி, ஆடி மாதங்களில் பகல் விருந்துக்கு அந்த ஒரு மணித்தியாலத்தையே கணக்கில் எடுங்கள். பால் விட்ட கறி, சொதி, தேங்காய்ச் சம்பல் மூன்றும் முதலில் பழுதாகும்.

முழுவதையும் ஒரே தடவையில் வெளியே வைக்காதீர்கள். பாதியை அடுப்பில் கொதிநிலையில் வைத்திருந்து, முதல் சட்டி முடிந்ததும் சட்டியோடு மாற்றுங்கள். பழைய மிச்சத்தின் மேல் புதியதைக் கொட்டினால் புதியதும் கெடும்.

சோற்றில் பலர் ஏமாறுகிறார்கள். அவிந்த சோற்றில் உயிரோடு மிஞ்சும் ஒருவகைக் கிருமி வெக்கையில் பெருகி நஞ்சு விடும். திரும்பச் சூடாக்கினால் கிருமி சாகும், நஞ்சு போகாது. ஆகவே மிஞ்சிய சோற்றைக் கிடாரத்திலேயே மூடி வைக்காமல் அகன்ற தட்டங்களில் இரண்டு விரல் தடிப்பில் பரப்பி ஆறவிட்டு, உடனே பிறிட்ஜில் வையுங்கள். இரவு முழுக்கக் கிடாரத்தில் கிடந்த சோறு, மணம் வராவிட்டாலும், கொட்ட வேண்டியது.

எதில் பரிமாறுவது? பிளாஸ்டிக் பிளேட் வாங்கலாமா?

ஒருதரம் பாவித்து எறியும் பிளாஸ்டிக் பிளேட், கப், கரண்டி, ஸ்ட்ரோ எல்லாம் இலங்கையில் 2023 ஒக்டோபர் 1 முதல் தடை. றெஜிபோம் பெட்டியும் பொலித்தீன் லஞ்ச் ஷீட்டும் 2017 முதலே தடை. வாழையிலையும் வாடகை எவர்சில்வர் தட்டமும்தான் எங்கள் பரிந்துரை. இலை குப்பையில் மக்கும், தட்டம் திரும்பப் போகும், மிஞ்சுவது ஒன்றுமில்லை. 50 பேருக்கு 60 தட்டம், 80 கிளாஸ். கிளாஸ் கூட, ஏனென்றால் வைத்த இடத்தை மறந்து எல்லாரும் புதிதாக ஒன்று எடுப்பார்கள்.

சாமான் வரும்போது ஆளை நிறுத்தி எண்ணி, நெளிந்ததையும் விளிம்பு உடைந்ததையும் அவர் முன்னாலேயே எழுதி வையுங்கள்.

குப்பை வாளி எங்கே வைப்பது?

கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில். தட்டத்தோடு எழும்புகிறவர் நேரே அங்கேதான் வருவார். இலை, எச்சில் சாப்பாட்டுக்கு ஒரு பெரிய வாளி. சோடாப் போத்தலுக்கு ஒரு சாக்கு. கடதாசிக்கு ஒரு பெட்டி. வாளிக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்தால் காற்றுக்கு விழாது. மூன்றையும் ஒரே வாளியில் சேர்த்தால் இரவு 11 மணிக்குக் கையால் பிரிக்க வேண்டியது நீங்கள்தான்.

விருந்து முடிந்த இரவே எல்லாம் செய்ய வேண்டுமா? உடம்பு ஓய்ந்துவிடும்.

எல்லாம் வேண்டாம். மூன்று வேலையை மட்டும் முடித்துவிட்டுப் படுங்கள், இரண்டு பேர் சேர்ந்தால் 45 நிமிடம். ஒன்று, மிஞ்சிய சாப்பாட்டை ஆறவிட்டுப் பிறிட்ஜில் வைப்பது அல்லது பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்பது. இரண்டு, வாடகைத் தட்டங்களையும் கரண்டிகளையும் கழுவி எண்ணுவது. கரண்டிகள் தொலைவது இலையோடு சுருண்டு குப்பைக்குள் போவதால்தான். எண்ணிக்கை குறைந்தால் அன்றிரவே வாளியைக் கிளறலாம், காலையில் அது லொறியில் போய்விடும். மூன்று, இனிப்பும் சோடாவும் சிந்திய இடங்களைத் துடைப்பது. விட்டால் விடியும்போது எறும்பு வரிசை கட்டியிருக்கும்.

கழுவும் ஒழுங்கு: கிளாஸ், கரண்டி, தட்டம், கடைசியில் எண்ணெய்ச் சட்டி. சட்டியை முதலில் கழுவினால் தும்பு எண்ணெய் பிடித்து எல்லாக் கிளாஸிலும் மணக்கும்.

கட்டிய குப்பைப் பையை இரவே கேற்றுக்கு வெளியே வைக்கலாமா?

வைக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறோம். பிரட்றிக் கோட்டைக்குள்ளும் நகரத் தெருக்களிலும் திரிகிற புள்ளிமான்கள் எங்கள் ஊரின் சொத்து. அவை சாப்பாட்டு மணத்துக்குப் பையோடு சேர்த்துப் பொலித்தீனையும் தின்றுவிடுகின்றன. அது குடலில் அடைத்துச் செத்த மான்கள் உண்டு. சோறு ஒட்டிய ஒரு பை போதும். வாழைத்தோல் போட்டு மானைக் கூப்பிடுவதும் அதே வழியில்தான் முடியும், தெருவில் தின்னப் பழகிய மான் அடுத்த வீட்டுப் பையையும் கிழிக்கும்.

எச்சில் சாப்பாட்டைப் பையில் கட்டாமல், வளவின் மூலையில் முழங்கால் ஆழக் குழி தோண்டி, ஒரு படை சாப்பாடு, ஒரு படை காய்ந்த சருகு என்று போட்டு, மேலே ஒரு சாண் மண் மூடுங்கள். சருகு போடாவிட்டால் நாறும், மண் குறைந்தால் நாய் தோண்டும். வளவு இல்லாதவர்கள் மூடியுள்ள வாளியில் வைத்திருந்து, குப்பை வண்டி வரும் நேரத்தில் கையால் கொடுங்கள். பொலித்தீன், போத்தல்களை அலசிக் காயவைத்து வேறாகக் கொடுங்கள். எரிப்பது தீர்வல்ல, பிளாஸ்டிக் கலந்த குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதும் 2017 முதல் தடை.

கறை?

மஞ்சள் பட்ட மேசைவிரிப்பைச் சவர்க்காரம் போட்டதும் சிவக்கும், பயப்பட வேண்டாம். மஞ்சளில் காரம் பட்டால் நிறம் அப்படித்தான் மாறும். அலசிவிட்டு ஈரத்தோடு வெயிலில் இரண்டு மூன்று மணித்தியாலம் விரியுங்கள். மஞ்சளின் நிறத்தை வெயிலே உடைத்துவிடும், திருகோணமலை வெயிலுக்கு ஒன்றிரண்டு தரம் போதும். நெக்டோ போன்ற சிவப்புச் சோடா சிந்தினால் உடனே குளிர்ந்த தண்ணீர். சுடுதண்ணீர் பட்டால் நிறம் நூலில் ஊறிவிடும். மெழுகுதிரி சொட்டிய இடத்தில் ஐஸ்கட்டி வைத்து இறுகவிட்டுச் சுரண்டி எடுங்கள்.

குத்துவிளக்கு எண்ணெய் சீமெந்தில் ஊறினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், பரவும். அடுப்புச் சாம்பலோ கோதுமை மாவோ தடிப்பாகத் தூவி அரை மணித்தியாலம் விட்டுக் கூட்டி அள்ளுங்கள், பிறகு சவர்க்காரச் சுடுதண்ணீர். அடுத்த தரம் விளக்கின் கீழே ஒரு தட்டத்தில் அரிசி பரப்பி வையுங்கள். சொட்டும் எண்ணெய் அரிசியோடு நிற்கும். மின்விசிறியின் நேர்கீழே விளக்கு வேண்டாம், சுடர் சாய்ந்து எண்ணெய் வழிவது அதனால்தான்.

பொரித்த எண்ணெயையும் கறி மிச்சத்தையும் சிங்கில் ஊற்றலாமா?

கூடாது. எண்ணெய், சோற்றுப் பருக்கை, சவர்க்காரம் மூன்றும் சேர்ந்து வளைகுழாயில் களிபோல் இறுகும். சட்டியைப் பழைய பத்திரிகையால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். எண்ணெயை ஆறவிட்டுப் போத்தலில் அடையுங்கள்.

அடுத்த நாள் மறக்கக் கூடாத வேலை எது?

தயிர்ச்சட்டிகள். எருமைத் தயிர் வாங்கினால் பத்துப் பன்னிரண்டு மண்சட்டி வீட்டில் மிஞ்சும், கொல்லையில் அடுக்கிவிட்டு மறந்துவிடுவோம். ஒரு மழைத்தூறல் போதும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு வாரம் முதல் பத்து நாள்தான் எடுக்கும், இரண்டு விரல் தண்ணீரே அதற்குத் தாராளம். 2017இல் டெங்குவால் கிண்ணியா பட்ட பாடு இந்த மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து அடுக்குங்கள், அல்லது அடியில் துளையிட்டுச் செடி வையுங்கள். முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும், ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்பக்கத்தைத் தும்பால் உரஞ்ச வேண்டும். படங்கை மடிக்க முன் மடிப்புகளில் நிற்கும் தண்ணீரை உதறி வெயிலில் காயவிடுங்கள். புதைத்த மணல் கான்களைத் தோண்டி எடுத்துக் குழியை மூடுங்கள். வேலிக்கு அப்பால் உருண்டுபோன கப், சோடா மூடி, உடைந்த பலூன் எல்லாவற்றையும் ஒருதரம் சுற்றி வந்து பொறுக்குங்கள்.